கிராண்ட் ட்ரங்க் கையேட்டோடு மஸ்கோகா ஏரிகளுக்கு

ஜூலை 4, வியாழன் – ரொறொன்ரோ

நாளைக்குத்தான் புறப்பாடு. அதற்கு முதல் அந்தக் கையேட்டை ஒருக்கால் கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா நெடுகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா இலங்கைப் புகையிரதத் திணைக்களத்தில் நிலைய அதிபராக இருந்தவர். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோன பிறகு நாங்கள் கனடாவுக்கு வந்தோம். பழைய ரயில் சம்பந்தமாக எது கிடைத்தாலும் விடமாட்டார். இந்த வசந்தத்தில் இணையத்தில், கனடாவில் முன்பு இருந்த கிராண்ட் ட்ரங்க் என்ற ரயில் கம்பனியின் பழைய விடுமுறைக் கையேடு ஒன்றின் பக்கங்களைக் கண்டுபிடித்தார். ரொறொன்ரோவுக்கு வடக்கே உள்ள மஸ்கோகா ஏரிகளைப் பற்றியது. ஹோட்டல் பட்டியலை வரிவரியாக வாசித்துவிட்டு, "இந்த இடமெல்லாம் இப்ப எப்பிடி இருக்கெண்டு போய்ப் பாப்பமே, பிள்ளை?" என்றார்.

யங் வீதியில் உள்ள ரொறொன்ரோ றெஃபரென்ஸ் நூலகத்துக்கு அதற்காகத்தான் இன்றைக்குப் போனோம். வெளியே 31 பாகை, புழுக்கம் வேறு. உள்ளே பையையும் பேனாவையும் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வரச் சொன்னார்கள். பென்சில் மட்டும்தான் அனுமதி. கையேட்டைக் கொண்டுவந்த பெண் அதை ஒரு பஞ்சுத் தாங்கியில் வைத்து, பக்கத்தை எந்த மூலையில் பிடித்துத் திருப்ப வேண்டும் என்று அப்பாவுக்குப் பொறுமையாகக் காட்டித் தந்தார். அப்பா பேசிய ஆங்கிலத்தில் பாதி விளங்காவிட்டாலும் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

கோட்டுப் பைக்குள் வைக்கக்கூடிய அளவுதான். அட்டையில் வண்ணப் படம். நடுவில் குத்தியிருந்த இரண்டு கம்பிகளும் துருப்பிடித்து, அந்தத் துரு ஒவ்வொரு பக்கத்திலும் மண்ணிறப் புள்ளியாக இறங்கியிருந்தது. பின்னால் மடித்து வைத்த வரைபடம். மடிப்பு ஓடும் இடமெல்லாம் கடதாசி நைந்து, ஏரிக்குக் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறது. கிராண்ட் ட்ரங்க் பாதை மட்டும் தடித்த கோடாக, நேராக, ரொறொன்ரோவிலிருந்து தண்ணீர்க் கரை மட்டும் போகிறது. "தங்கட பாதையை மட்டும் நிமிர்த்திப் போட்டிருக்கிறாங்கள்" என்று அப்பா சொன்னார். அந்தக் காலத்தில் ரயில் கம்பனிகள் எல்லாமே வரைபடம் இப்படித்தான் போட்டன.

ரயில் பாதை 1875இல் கிராவன்ஹேர்ஸ்ட் ஊருக்கு வந்தது. அங்கிருந்து ஏரிக்குள் போக நீராவிப் படகுகள் ஏற்கெனவே இருந்தன. ஏ. பி. கொக்பேர்ன் என்பவர் 1866இலேயே வெனோனா என்ற படகை மஸ்கோகா ஏரியில் விட்டுவிட்டார். 1888இல் அந்தப் பாதை கிராண்ட் ட்ரங்க் கைக்குப் போனது. மரமும் தோலும் ஏற்றிய பாதைதான். ஆனால் கோடையில் பயணிகள் பெட்டி நிரம்ப வேண்டும் என்றால் சனத்துக்குப் போக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை அச்சடித்து, கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பினார்கள். 1906, 1907இல் கனேடியன் நொதேர்ன், கனேடியன் பசிபிக் என்ற மற்ற இரண்டு ரயில் கம்பனிகளும் ஏரியின் மேற்குக் கரையில் உள்ள பாலா பக்கம் பாதை போட்டு வந்துவிட்டதால் போட்டி இன்னும் கூடியது.

அப்பா நேரம் செலவழித்தது பட்டியலில்தான். ஹோட்டல் பெயர், தபால் நிலையம், எத்தனை பேர் தங்கலாம், நாளுக்கு எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு. பெரிய ஹோட்டல்களோடு, நாளுக்கு ஒன்று இரண்டு டொலர் வாங்கிச் சாப்பாடும் போட்ட சின்ன விடுதிகளும் அதே எழுத்தில், அதே வரிசையில் இருக்கின்றன. ஒரு சின்ன விடுதிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் சரி போட்டிருந்தார்கள். அப்பா அந்தச் சரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் கொப்பியில் அந்த இடத்தின் பெயரை எழுதச் சொன்னார்.

இந்தக் கையேடுகள் அடிக்கடி சொல்லும் இன்னொரு விஷயம் ஹே ஃபீவர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் அடி உயரம், அங்கே போனால் தும்மல் வராது என்று உறுதி சொல்வார்கள். அமெரிக்க நகரங்களிலிருந்து காசுள்ளவர்கள் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்பாவுக்கு ஓகஸ்ட் பாதியில் தொடங்கும் தும்மல் குளிர் வரும்வரை நிற்காது. ராக்வீட் என்ற களையின் மகரந்தத்தால் வருவது. பாறையும் காடுமான இடத்தில் அந்தக் களை குறைவு என்பதால், கம்பனி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

ஜூலை 5, வெள்ளி – கிராவன்ஹேர்ஸ்ட்

வெள்ளிக்கிழமை மத்தியானம் 400ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்களுக்கு என்ன நடக்குமோ அது நடந்தது. பரி நகரம் தாண்டவே மூன்று மணித்தியாலம் பிடித்தது. முன்னால் போன வண்டிகள் எல்லாவற்றிலும் கூரையில் கனூ, பின்னால் சைக்கிள். "கோச்சி இதைவிடக் கெதியாப் போயிருக்கும்" என்று அப்பா மூன்று தரம் சொன்னார்.

ஒரிலியா தாண்டி 11ஆம் நெடுஞ்சாலையில் வெபர்ஸ் பேர்கர் கடை. 1963இலிருந்து இருக்கிறது. தெருவுக்கு மேலே நடைபாலம் ஒன்று. அது முன்பு ரொறொன்ரோவில் சீஎன் கோபுரத்தடியில் இருந்த பாலம். கடையோடு சேர்த்துப் பழைய ரயில் பெட்டிகளையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. நான் பேர்கருக்கு வரிசையில் நிற்க, அவர் வீட்டிலிருந்து கட்டி வந்த புளிச்சாதத்தை மேசையில் விரித்து வைத்துச் சாப்பிட்டார். வரிசை நீளம், ஆனால் வேகமாக நகர்கிறது. இறைச்சியைக் கரி நெருப்பில் வாட்டுகிற பையன்கள் வியர்த்து ஒழுகியும் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேர்கர், பொரித்த உருளைக்கிழங்கு, குடிக்க ஒன்று என்று 17 டொலர் சொச்சம். பக்கத்து மேசைக் குடும்பம் புளிச்சாதத்தின் மணத்தைப் பற்றிக் கேட்டது. அப்பா ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்தார். அவர்கள் மகனுக்கு உறைத்துக் கண்ணீர் வந்தும் இரண்டாவது தரம் கேட்டு வாங்கினான்.

சாப்பிட்டு முடிந்ததும் அப்பா பெட்டிகளைச் சுற்றி நடந்து, குனிந்து சில்லுகளையும் வில்லுகளையும் பார்த்தார். கையால் தட்டிப் பார்த்தார். திருப்திதான்.

கிராவன்ஹேர்ஸ்ட் ரயில் நிலையம் இன்னும் நிற்கிறது. கூரை, தூண், மேடை எல்லாம் இருக்கிறது. ரொறொன்ரோவிலிருந்து வடக்கே ஓடிய நோர்த்லாண்டர் ரயிலை 2012 செப்ரெம்பரில் நிறுத்தியதிலிருந்து பயணிகள் பஸ்ஸில்தான் வருகிறார்கள். சரக்கு ரயில் ஓடுகிறபடியால் தண்டவாளம் மினுங்குகிறது. நோர்த்லாண்டரை மீண்டும் ஓடவிடப் போவதாக மாகாண அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் ஊருக்குள் இருக்கும் இந்த நிலையத்திலிருந்து ஏரிக்கரை வரை ஒரு கிளைப் பாதை இருந்தது. கையேட்டின் உயிரே அதுதான். பஃபலோவிலோ பிற்ஸ்பேர்க்கிலோ ஏறியவர் மஸ்கோகா துறையில் இறங்கினால், சில அடி தள்ளிப் படகு புகை விட்டுக்கொண்டு நிற்கும். பெட்டியைத் தூக்க ஆள் இருப்பார். அந்தக் கிளைப் பாதை இன்றைக்கு இல்லை. துறையைச் சுற்றி மாடி வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் கார் தரிப்பிடமும். அப்பா தரிப்பிடத்தின் விளிம்பில் நின்று, நிலத்தின் சாய்வைப் பார்த்து, "இதாலதான் வந்திருக்கும், வேற வழியில்லை" என்று கையால் கோடு போட்டுக் காட்டினார்.

இரவுக்குப் பதிவு செய்திருந்த மோட்டலில் எங்கள் அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். முன்மேசையில் இருந்தவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கணினியைத்தான் குறை சொன்னார். கடைசியில் கிடைத்தது பனி உருகி ஊறிய கம்பள மணமுள்ள அறை, ஒரு கட்டில், 189 டொலர், வரி வேறு. நான் கீழே போர்வை விரித்துப் படுத்தேன்.

ஜூலை 6, சனி – மஸ்கோகா ஏரி

இன்றைய நாளுக்காகத்தான் இவ்வளவும்.

செக்வன் என்ற நீராவிக் கப்பல் 1887இல் நிப்பிஸிங் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. அப்போது இரு பக்கமும் துடுப்புச் சக்கரம். 1925இல் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பின்னால் சுழலிகள் பூட்டி, செக்வன் என்று பெயரை மாற்றினார்கள். 1958இல் ஓட்டம் நின்றது. ஊர்ச் சனம் சேர்ந்து திருத்தி 1981இல் மறுபடி ஏரியில் விட்டார்கள். கையேட்டுக் காலத்தில் ரயிலுக்குக் காத்துநின்ற படகுகளில் இன்னும் நிலக்கரியில் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். 1906இல் கட்டிய சகமோதான் அவற்றில் பெரியது. அது 1969இல் எரிந்து போனது.

ஆளுக்கு எழுபது டொலருக்குக் கிட்ட. அப்பா வழக்கமாக இப்படி விலைக்கு முகம் சுளிப்பார். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கீழ்த்தளத்தில் இயந்திரத்தை மேலிருந்து பார்க்கலாம். பித்தளையெல்லாம் துடைத்துத் துடைத்துப் பொன் நிறம். எண்ணெயும் நீராவியும் கலந்த சூடான மணம் முகத்தில் அடிக்கிறது. தண்டுகள் மேலும் கீழும் போகும் சத்தம் மெதுவானது, கதவு திறந்து மூடுகிற அளவுதான். கொதிகலன் வாயைத் திறந்து ஒரு பெட்டை கரியை அள்ளிப் போட்டாள். இருபது வயதுகூட இருக்காது. அள்ளிய கரியை ஒரே இடத்தில் கொட்டாமல், சவளைத் திருப்பி நெருப்பு முழுக்கப் பரவ விசிறினாள். அப்பா என் கையைப் பிடித்தார். "பாத்தியே, தெரிஞ்ச கை. குவிச்சுப் போட்டா நெருப்பு அணைஞ்சுபோம்." அவள் நிமிர்ந்து பார்த்தபோது அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவளும் கரி பிடித்த கையால் காட்டினாள். பிறகு மேல்தளத்துக்குக் காற்று வாங்க வந்தவள் அப்பாவைத் தேடி வந்து கதைத்தாள். கோடைக்கு மட்டும் வேலை, மற்ற நேரம் பொறியியல் படிக்கிறாள். காங்கேசன்துறையில் நீராவி இயந்திரம் எந்தக் கரியில் ஓடியது என்று கேட்டாள். அப்பா இந்தியாவிலிருந்து வந்த கரி, அதன் சாம்பல் என்று தொடங்கி, கப்பல் திரும்பும்வரை நிறுத்தவில்லை.

நடு ஏரியில் மழை தூறியது. காற்று எழும்பியதும் குளிர். பக்கத்தில் இருந்த வயதான அம்மா தன் மடியில் கிடந்த போர்வையை அப்பாவுக்குக் கொடுத்தார். வேண்டாம் என்று சொன்னாலும் விடவில்லை. சூப் கோப்பை ஒன்று 9 டொலர், நல்ல சோளச் சூப்.

போமாரிஸ் பக்கம் கப்பல் போகும்போது எல்லோரும் எழுந்து படம் எடுத்தார்கள். பிற்ஸ்பேர்க் உருக்கு முதலாளிகள் வந்து இடம் வாங்கிய கரை இது. கோடீஸ்வரர் வரிசை என்று பெயர். இங்கே படகு வைக்கும் வீடே எங்கள் ஸ்காபரோ வீட்டைவிடப் பெரிது. முதலில் ரயிலிலும் படகிலும் வந்து ஹோட்டலில் தங்கியவர்கள்தான் பிறகு தீவு வாங்கினார்கள். அவர்களை ஏரிக்குக் கூட்டி வந்தது கையேடு. கரை தனியார் கைக்குப் போனதும் அதனால்தான். அப்பா முந்தாநாள் எழுதச் சொன்ன சின்ன விடுதியின் இடத்தையும் கடந்தோம். கொப்பியை வைத்துத் திசையைக் கணித்து, அப்பாதான் காட்டினார். அங்கே தண்ணீர்க்கரை மட்டும் புல் வெட்டிய ஒரு வளவு, கொடிக்கம்பம், 'தனியார் இடம்' என்ற பலகை.

ஜூலை 7, ஞாயிறு – போர்ட் கார்லிங், வின்டர்மியர்

வெயில். காலையில் பேக்கரியில் பட்டர் டார்ட் வாங்கினோம், ஒன்று 4 டொலர். உள்ளே பாகு வழிகிறது. அப்பா முந்திரிகைவற்றல் போட்டதுதான் திறம் என்று தீர்ப்புச் சொன்னார்.

போர்ட் கார்லிங்கில் மஸ்கோகா ஏரியையும் ரோசோ ஏரியையும் இணைக்கும் படகுப் பூட்டு இருக்கிறது. 1871இலிருந்து. கதவு மூடி, தண்ணீர் ஏறி, படகுகள் மேலே வருவதை ஒரு மணித்தியாலம் பார்த்தோம். வெள்ளையர் வருமுன் இங்கே ஒஜிப்வே மக்களின் ஊர் இருந்தது. ஒபஜிவானுங் என்று பெயர். குடியேற்றம் வந்ததும் அவர்கள் மேற்கே ஜோர்ஜியன் விரிகுடாவில் உள்ள பரி (Parry) தீவுக்குப் போக வேண்டி வந்தது. பிறகு கோடையில் திரும்பி வந்து, அதே இடத்தில் கூடாரம் போட்டு, சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடைகளும் கைவேலைகளும் விற்றார்கள். சொந்த ஊருக்கு விருந்தாளியாக வருகிறதென்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அப்பா பலகையை முழுக்க வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வின்டர்மியர் ஹவுஸ் கையேட்டில் இருந்து இன்னும் நடக்கிற ஹோட்டல். 1996இல் ஒரு படப்பிடிப்பின்போது எரிந்து, அடுத்த வருடமே பழைய சாயலில் திருப்பிக் கட்டினார்கள். மஸ்கோகாவில் ஹோட்டல் கதையெல்லாம் தீயில்தான் முடியும். எல்லாவற்றிலும் பெரியதான ரோயல் மஸ்கோகா 1901இல் திறந்து 1952இல் எரிந்தது. லேக் ஒஃப் பேஸ் ஏரியில் கிராண்ட் ட்ரங்க் விளம்பரப்படுத்திய வாவா ஹோட்டல் 1908இலிருந்து 1923 வரைதான். பைன் மரம், வார்னிஷ், விறகு அடுப்பு, தீயணைக்க ஆள் வரத் தூரம்.

திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். இரண்டு கோப்பையும் ஒரு ஸ்கோனும் 24 டொலர். பரிமாறிய பெண் அப்பா பையிலிருந்து எடுத்த படப் பிரதியைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். மூவரும் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் குந்தி, பட்டியலில் தங்கள் ஹோட்டலைத் தேடிப் பிடித்தார்கள். அந்த நாள் வாடகையைப் பார்த்து ஒருவர் வாயில் கை வைத்தார்.

பட்டியலில் இருந்த எல்லா வாசலும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஒன்ராறியோவின் ஏரிக்கரை ஹோட்டல்கள் பல, தங்களிடம் 'வரையறுக்கப்பட்ட' விருந்தாளிகள் மட்டும் என்று விளம்பரம் செய்தன. யூதர்களுக்கு இடமில்லை என்று அதற்கு அர்த்தம், எங்கள் நிறத்தவர்களுக்குச் சொல்லவே தேவையில்லை. அப்படிப்பட்ட பலகைகளை மாகாணச் சட்டம் 1944இல் தடுத்தது. இடம் தர மறுப்பதைத் தடுக்க 1954 வரை போனது. திண்ணையில் கால் நீட்டி இருந்த அப்பாவைப் பார்த்தபோது இது நினைவுக்கு வந்தது. அவரிடம் சொன்னேன். "அந்தச் சரி போட்ட ஆளுக்கு இடம் குடுத்தாங்களோ தெரியாது" என்றார்.

பின்னேரம் ஏரியில் கால் நனைக்க இடம் தேடினோம். எந்தத் தெருவில் இறங்கினாலும் முடிவில் கதவும் சங்கிலியும். கடைசியில் வின்டர்மியர் ஊர்த் துறைக்கே திரும்பி வந்து, மர மேடை விளிம்பில் இருந்து கால்களைத் தொங்கவிட்டோம். தண்ணீர் தேத்தண்ணி நிறம், ஆனால் கால்விரல் தெளிவாகத் தெரிகிறது. சின்ன மீன்கள் வந்து கொத்தின.

ஜூலை 8, திங்கள் – ஹன்ட்ஸ்வில்

விடாத மழை. அப்பாவுக்கு முழங்கால் நோ. பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

கோப்பிக் கடையில் நாங்கள் கதைப்பதைக் கேட்டு, கவுண்டரில் நின்ற பெண், "அங்கிள், நீங்க தமிழா?" என்றாள். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து, இப்போது இங்கே வேலை. அப்பாவுக்கு இஞ்சித் தேத்தண்ணி இல்லையே என்று வருத்தப்பட்டு, வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் போட்டுத் தந்தாள், காசு வாங்கவில்லை. இடைவேளையில் வந்து எங்களோடு இருந்தாள். போன கோடையிலிருந்து இங்கே இருக்கிறாள், ஏரிக்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. கார் இல்லை. தங்கும் அறைக்கும் கடைக்கும் நடுவே நடை, அவ்வளவுதான். "பஸ் ஸ்டாப்ல இருந்து தண்ணிக்குப் போறதுக்கு எதுவுமே இல்ல, அக்கா."

கையேட்டுக் காலத்தில் மொன்றியலிலோ பஃபலோவிலோ ஒரு கடைச் சிப்பந்திகூடச் சேர்த்து வைத்த காசில் ஒரு ரிக்கெற் வாங்கினால், குதிரையும் வண்டியும் வீடும் நிலமும் இல்லாமலே தண்ணீர் ஓரம் வந்து ஒரு கிழமை இருந்துவிட்டுப் போகலாம். அந்தச் சின்ன விடுதிகள் அவருக்காகத்தான் பட்டியலில் இருந்தன. இப்போது இந்த ஊரின் கோப்பியை ஊற்றுகிறவளுக்கு இந்த ஊரின் ஏரி எட்டவில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. ஓடுகிற ரயிலை நிறுத்தினால் இதுதான் நடக்கும் என்று அப்பா எல்லோரிடமும் சொல்வார். வடக்குப் பாதை நின்ற பிறகு கொழும்புக்குப் போக எங்கள் சனம் பட்ட பாட்டைப் பார்த்தவர் அவர்.

நாளைக்கு மத்தியானம் வேலை இல்லை என்றாள். எங்களோடு வரச் சொன்னோம்.

ஜூலை 9, செவ்வாய் – போர்ட்டேஜ் ஃப்ளையர்

பெனின்சுலா ஏரிக்கும் லேக் ஒஃப் பேஸ் ஏரிக்கும் நடுவே ஒரு மேட்டு நிலம், ஒன்றேகால் மைலுக்கும் குறைவு. ஹன்ட்ஸ்விலிலிருந்து படகில் வந்தவர்கள் அதைத் தாண்டி மற்ற ஏரிக்குப் போக வேண்டும். அதற்காகக் குறுகிய பாதை ஒன்று போட்டு, போர்ட்டேஜ் ஃப்ளையர் என்ற குட்டி ரயில் விட்டார்கள். 1959 வரைக்கும் ஓடியது. உலகத்தின் மிகச் சிறிய வணிக ரயில்பாதை என்று விளம்பரம். கிராண்ட் ட்ரங்கில் ஹன்ட்ஸ்வில், படகு, குட்டி ரயில், மறுபடி படகு, பிறகு வாவா ஹோட்டல் துறை. இவ்வளவுக்கும் ஒரே ரிக்கெற், பெட்டிகளும் சேர்ந்தே வரும். அப்பாவுக்குக் கையேட்டில் மிகவும் பிடித்தது இந்த நேர அட்டவணைதான். "நாலு கை மாறுது, ஒருத்தன் பிந்தினா எல்லாம் குழம்பும். ஆனா நடத்தியிருக்கிறாங்கள்."

அந்தக் குட்டி இயந்திரங்கள் வேறு ஊர் போய்த் திரும்பி வந்து, இப்போது ஹன்ட்ஸ்வில் மரபு நிலையத்தில் ஆற்றோரமாக ஓடுகின்றன. திறந்த பெட்டி, மர இருக்கை. கோயம்புத்தூர்ப் பிள்ளை முன் இருக்கையில் இருந்து போன் வைத்து வீட்டுக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். அங்கே இரவு, அம்மா தூக்கத்தோடு பார்த்திருக்கிறார். புறப்படுமுன் அப்பா ஓட்டுநரிடம் போய்த் தன்னை அறிமுகப்படுத்தினார். ஓட்டுநர் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்து, முடிவிடத்தில் அப்பாவைக் கூப்பிட்டு விசில் கயிற்றை இழுக்க விட்டார். அப்பா நீளமாக இழுத்தார், பிறகு குறுகியது ஒன்று. பிள்ளைகள் எல்லாம் காதைப் பொத்தினார்கள்.

திரும்பும்போது மூன்று பேரும் ஐஸ்கிறீம் சாப்பிட்டோம், 6 டொலர் ஒன்று. பிறகு லேக் ஒஃப் பேஸ் கரையில் டோர்செட் ஊர்த் துறை வரை போய் அவளைத் தண்ணீரில் இறங்க விட்டோம். இந்த ஏரி உண்மையாகவே ஆயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. கம்பனி அதில் பொய் சொல்லவில்லை.

ஜூலை 10, புதன் – அல்கொன்குவின், பிறகு வீடு

மான் ஈ என்று ஒன்று இருக்கிறது. தலையைச் சுற்றிச் சுற்றி வந்து கடிக்கும். அல்கொன்குவின் மாகாணப் பூங்காவுக்குள் கார் நிறுத்தி இறங்கிய நொடியில் தொடங்கியது. எங்களைக் கடந்துபோன ஒருவர், கேட்காமலே நின்று, தன் வலைத் தொப்பி ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். காருக்கான நாள் அனுமதி 21 டொலர்.

காஷ் ஏரிக் கரையில் 1908இல் கிராண்ட் ட்ரங்க் தானே ஹைலண்ட் இன் என்ற ஹோட்டலைக் கட்டியது. பூங்காவுக்குக் குறுக்கே ஓடிய பாதையை அதற்குக் கொஞ்சம் முதல்தான் வாங்கியிருந்தது. ரயில் நிலையமும் ஹோட்டலும் பக்கத்துப் பக்கம். இந்தத் திட்டங்களுக்குப் பின்னால் இருந்தவர் கம்பனியின் தலைவர் சார்ள்ஸ் மெல்வில் ஹேய்ஸ். 1912இல் டைட்டானிக்கில் இறந்தார். கம்பனி கடனில் மூழ்கி 1923இல் அரசின் கனேடியன் நஷனல் ரயில்வேயோடு சேர்ந்தது. பூங்காவுக்குள் ஒரு பாலம் பழுதாகி 1933இல் நேர்ப் போக்குவரத்து நின்றது. 1959இல் மிச்சமும் போனது. ஹோட்டலை 1957இல் அகற்றிவிட்டார்கள்.

இன்றைக்கு அங்கே மரங்கள்தான். அப்பா கையேட்டுப் படத்தை வைத்து ஏரியின் தீவுகளைப் பொருத்திப் பார்த்து, திண்ணை இருந்த திசையை முடிவு செய்தார். சரியோ தெரியாது, நான் நம்புகிறேன். பழைய பாதைப் படுக்கையில் கொஞ்ச தூரம் நடந்தோம். ஏற்றமே இல்லாத நல்ல தடம். ரயிலுக்காகச் சமப்படுத்திய நிலம் நூறு வருடம் கழித்தும் முழங்கால் நோகிறவருக்கு உதவுகிறது.

திரும்பும் வழியில் இடி மின்னல். ஸ்காபரோ வந்து சேர இரவு ஒன்பதரை. மார்க்கம் வீதியில் கொத்துரொட்டி வாங்கினோம், 13 டொலர், இரண்டு பேருக்கும் காணும்.

போக நினைக்கிறவர்களுக்கு: கையேடுகளைப் பார்க்க றெஃபரென்ஸ் நூலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டுப் போங்கள், பென்சில் அவர்களே தருவார்கள். செக்வனில் இயந்திரத்தைப் பார்க்கக் கீழ்த்தளத்தில் இடம் பிடியுங்கள், சன்னலோரம் முக்கியமில்லை. திங்கட்கிழமையில் ஹன்ட்ஸ்வில் போனால் குட்டி ரயில் ஓடுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். காரில் ஒரு இடம் மிச்சம் இருந்தால், அங்கே கோப்பிக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளிடம் ஏரிக்கு வருகிறீர்களா என்று ஒருக்கால் கேளுங்கள். நோர்த்லாண்டர் திரும்பி ஓடத் தொடங்கும் அன்றைக்கே இரண்டு ரிக்கெற் எடுக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. கோயம்புத்தூர்ப் பிள்ளையும் வருவதாக இருந்தால் மூன்று.